மார்க்கோவ் சங்கிலி: இன்று மழை என்றால் நாளை மறுநாள் பெய்ய எவ்வளவு வாய்ப்பு?

ஐப்பசியில் மன்னார்குடிப் பக்கம் சம்பா வயலுக்கு உரம் போடக் காத்திருப்பவர் கேட்கும் கேள்விதான் இது. மழை, வெறிப்பு என்று நிலை மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றில், அடுத்த நிலைக்கான வாய்ப்பு இப்போதைய நிலையை மட்டும் பொறுத்தது என்று வைத்துக்கொண்டால், அதுதான் மார்க்கோவ் சங்கிலி.

எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. மழைக்கு மறுநாள் மழை 0.6, வெறிப்பு 0.4. வெறித்த நாளுக்கு மறுநாள் மழை 0.3. நாளை மறுநாள் மழைக்கு இரண்டு வழி உண்டு. நாளையும் பெய்தால் 0.6 × 0.6 = 0.36. நாளை வெறித்தால் 0.4 × 0.3 = 0.12. கூட்டினால் 0.48.

ஏன் பெருக்கி, அப்புறம் கூட்ட வேண்டும்? வாய்க்கால் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். ஒரு மதகில் பத்தில் ஆறு பங்கு திரும்பி, அடுத்த மதகில் அதிலும் பத்தில் ஆறு பங்கு போனால், மிஞ்சுவது நூறில் 36. வேறு வாய்க்கால் வழியே வந்த 12 பங்கும் அதே வயலில் சேர்கிறது. எந்த வழியாக வந்த தண்ணீர் என்று மதகு பார்ப்பதில்லை.

இப்படியே நாட்களை நீட்டினால் விடை 3/7, அதாவது சுமார் 0.43-இல் போய் நிற்கும். இன்று மழையா வெயிலா என்பது அதற்குள் கரைந்துவிடும். ரஷ்யரான மார்க்கோவ் 1913-இல் இந்த முறையைக் காட்டியது மழையில் அல்ல, ஒரு கவிதை நூலின் 20,000 எழுத்துகளில்!

மார்க்கோவ் சங்கிலி ‘பழசை மறக்கும்’ என்றதும் ஒவ்வொரு நாளும் தனித்தனி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, நேற்றைத்தான் மறக்கும், இன்றை மறக்காது.