குமுளிக்கு அந்தப் பக்கம் மட்டும் நூறு நாள் கூலி ஏன் கூடுதலாக இருந்தது?

கம்பத்துக்காரன் நான், எனக்கும் இந்தக் கேள்வி உண்டு. 2024-25இல் தமிழ்நாட்டில் 319 ரூபாய், மலையேறிக் குமுளி தாண்டினால் கேரளத்தில் 346, ஆந்திராவில் 300தான். இதை நிர்ணயித்தது மாநிலம் இல்லை, 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி மத்திய அரசு. நாடாளுமன்றத்தில் யார் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வந்தது: விவசாயத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டை வைத்து ஆண்டுதோறும் திருத்துகிறோம், வேண்டுமானால் மாநிலம் தன் கையிலிருந்து கூடுதலாகத் தரலாம். சரி, பழைய அடிப்படைக் கூலியே மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அதன்மேல் சதவீதம் ஏற்றினால் இடைவெளி எப்படிக் குறையும்? இதை நாடாளுமன்றத்தில் கேட்பதிலும் ஒன்று உண்டு: வாய்மொழிப் பதில் கோரும் நட்சத்திரக் கேள்வி என்றால்தான் அமைச்சரை அவையிலேயே மடக்கித் துணைக்கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லாதவை எழுத்துப் பதிலோடு சரி. நம்மவர்கள் ஜீப்பில் போகிற ஏலத்தோட்டக் கூலி இதில் சேராது, அது கேரள அரசின் குறைந்தபட்சக் கூலிக் கணக்கு.