வெற்றிலை, பாக்கு, மரபணு: வன்னி வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அப்பாவுக்கு வாய்ப்புற்று. மரபணு மாறியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். பிள்ளைகள் எங்களுக்கும் வருமா? (மாங்குளம்)

அந்த மாற்றம் அப்பாவின் கன்னத்துக் கலங்களில், அவர் வளர்ந்த பிறகு ஏற்பட்டது. அது பிள்ளைகளுக்குக் கடத்தப்படாது. வீட்டில் வெற்றிலை போடும் பழக்கம் தொடர்ந்தால்தான் எனக்குக் கவலை.

கேள்வி: மரபணுவின் எழுத்து மாறாமலே புற்றுநோய்க்கு வழி பிறக்கலாம் என்று ரீச்சர் சொன்னார். எப்படி, டொக்டர்? (உயர்தர மாணவி, கிளிநொச்சி)

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு கலத்துக்குள் ஏறக்குறைய 2 மீற்றர் நீள டி.என்.ஏ. இருக்கிறது. நூல்கட்டையில் நூல் சுற்றியதுபோல அது ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றியிருக்கும். எட்டு ஹிஸ்டோன் சேர்ந்தது ஒரு கட்டை. அவற்றின் வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாலிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் நேர் மின்னேற்றம் டி.என்.ஏ.யை இறுக்கிப் பிடிக்கிறது. அதில் அசெற்றைல் என்ற சிறு வேதிக் கூட்டம் ஒட்டினால் ஏற்றம் போய்விடும், பிடி தளரும், மரபணு வேலை செய்யத் தொடங்கும். வின்சென்ட் ஆல்ஃப்ரே என்ற ஆய்வாளர் 1964இலேயே இதை முன்வைத்தார். அசெற்றைலைக் கழற்றும் நொதியங்களும் உண்டு. அவை கழற்றினால் மரபணு அடங்கிவிடும்.

மெதைல் என்ற இன்னொரு வேதிக் கூட்டத்தின் கதை வேறு. அது எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதுதான் முக்கியம். எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 4ஆம் இடத்து லைசினில் மூன்று மெதைல் ஒட்டியிருந்தால் மரபணு விழித்திருக்கும். 27ஆம் இடத்து லைசினில் ஒட்டினால் அடங்கும். 27இல் ஒட்டுகிற நொதியம் ஈ.இசட்.எச்.2. பல வாய்ப்புற்றுக்களில் அது அளவுக்கு மிஞ்சிக் காணப்படுகிறது. கலம் கண்டபடி பெருகாமல் தடுக்கவேண்டிய மரபணுக்கள் இதனால் வாயடைத்துப் போகின்றன. டி.என்.ஏ.யில் விழும் எழுத்துப் பிழைக்கும் பங்கு உண்டு: கலப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி53 மரபணு அடிக்கடி பழுதாகிறது. சிலரில் மெதைல் ஒட்டும் நொதியத்துக்கான மரபணுவிலேயே பிழை விழுகிறது. ரீச்சரிடம் அதையும் கேளுங்கள்.

கேள்வி: நான் புகையிலை போடுவதில்லை. வயலில் களைப்புக்கு வெறும் பாக்கும் வெற்றிலையும்தான். பரவாயில்லையா? (விசுவமடு)

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் உறுதிப்படுத்தியது. பாக்கில் செப்பு நிறைய உண்டு. கொலாஜன் என்ற புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியம் அதனால் முடுக்கப்படுகிறது. பிணைந்த கொலாஜன் எளிதில் கரையாது, கன்னத்தில் தேங்கி இறுகும். சம்பல் பட்டாலே வாய் எரியும், கன்னத்தின் உட்புறத்தைத் தடவினால் நார்போலத் தட்டுப்படும், மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் வைக்க முடியாமல் போகும். இந்த நிலை புற்றாக மாறக்கூடும். பாக்கை இன்றே விடுங்கள்.

கேள்வி: புரதத்தில் ஒட்டிய இந்த அடையாளங்களை அழிக்க மருந்து இருக்காமே? (நெடுங்கேணி)

அவற்றை மாற்றும் மருந்து இருக்கிறது. ஆனால் வேறு புற்றுநோய்களுக்கு. அசெற்றைலைக் கழற்றும் நொதியங்களைத் தடுக்கும் வொரினோஸ்ராற் 2006இல் அமெரிக்காவில் ஒருவகைத் தோல் நிணநீர்ப் புற்றுக்கும், ஈ.இசட்.எச்.2ஐத் தடுக்கும் ரசெமெற்றோஸ்ராற் 2020இல் சார்கோமா என்ற மென்திசுப் புற்றில் அரிதான ஒரு வகைக்கும் அனுமதி பெற்றன. வாய்ப்புற்றுக்குச் சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ இவைதான் முக்கிய வழிகள். மருந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி: நாக்கின் ஓரத்தில் வெள்ளைத் தழும்பு. வலியில்லை. அருவிவெட்டு முடிய வரலாமா? (ஒட்டுசுட்டான்)

வேண்டாம் அம்மா, இந்தக் கிழமையே போங்கள். தொடக்கத்தில் வலி இருக்காது, அதனால்தான் பலர் பிந்திவிடுகிறார்கள். துடைத்தும் போகாத வெள்ளையோ சிவப்போ, இரண்டு கிழமையில் ஆறாத புண்ணோ இருந்தால் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு எதுவானாலும் அரச வைத்தியசாலையின் பல் பிரிவில் காட்டுங்கள். தேவையென்றால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிட்டுக் காட்டுங்கள்.