துப்பாக்கிச் சட்டம் என்றால் அமெரிக்க அரசியல்வாதிகள் ஏன் பின்வாங்குகிறார்கள்?

"பள்ளிப் பிள்ளைகள் இத்தனை பேர் செத்த பிறகும் கடுமையான துப்பாக்கிச் சட்டத்தை ஆதரிக்க அமெரிக்க அரசியல்வாதிகள் தயங்குவது ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் என்ஆர்ஏ என்ற தேசிய ரைஃபிள் சங்கத்தின் பணம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். பணத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் ஊழல் வழக்குகளில் சிக்கி அந்தச் சங்கம் தளர்ந்துபோன பிறகும் தயக்கம் குறையவில்லையே! என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய காரணம் சொந்தக் கட்சிக்காரர்கள் மேல் இருக்கும் பயம்.

கிறிஸ் ஜேக்கப்ஸுக்கு நடந்ததைப் பாருங்கள். அப்போது நியூயார்க் மாநிலத்தின் குடியரசுக் கட்சி எம்.பி.யாக இருந்தவர். 2022 மே 14 அன்று அவருடைய ஊரான பஃபலோவில், ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கறுப்பினத்தவர் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பத்தே நாளில் டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் பலியானார்கள். இரண்டு இடத்திலும் சுட்டவனுக்கு வயது 18. துப்பாக்கி கடையில் சட்டப்படி வாங்கியது. இனி இந்தத் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடைசெய்வதை ஆதரிப்பேன், வாங்கும் வயதையும் 21 ஆக்க வேண்டும் என்றார் ஜேக்கப்ஸ். உள்ளூர்க் கட்சித் தலைவர்கள் ஒவ்வொருவராக ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் அவர் அந்த ஆண்டுத் தேர்தல் போட்டியிலிருந்தே விலகிவிட்டார்.

இங்கே வேட்பாளரைத் தலைமை அறிவிப்பதில்லை. பிரைமரி என்ற உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தால்தான் சீட்டு. அதில் வாக்களிக்க வருபவர்கள் குறைவு. வருபவர்களில் தீவிரமானவர்கள் அதிகம். துப்பாக்கி உரிமை ஒன்றை மட்டுமே பார்த்து வாக்களிப்பவர்கள் தவறாமல் வந்துவிடுவார்கள். என் மகளின் பள்ளியில் விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூச்சுக் காட்டாமல் மூலையில் உட்காரப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துக் கொதிக்கிற பெற்றோரில் எத்தனை பேர் பிரைமரிக்குப் போகிறோம்? எதிர்த்து வாக்களித்தவருக்குப் பதவி போனது அபூர்வம். ஆதரித்தவருக்குத்தான் ஆபத்து. 2013-இல் கொலராடோவில் துப்பாக்கிச் சட்டங்களை நிறைவேற்றிய ஜனநாயகக் கட்சி மாநில செனட்டர்கள் இருவரைப் பதவிக்காலம் முடியுமுன்பே வாக்காளர்கள் திரும்ப அழைத்தார்கள்.

எல்லாமே பயம் என்றும் சொல்ல மாட்டேன். மான்டானா போன்ற இடங்களில் போலீஸ் வந்து சேரவே வெகுநேரம் ஆகும். அங்கே துப்பாக்கியைத் தற்காப்பு என்று மனதார நம்புகிறார்கள். ஆனால் 2013 ஏப்ரல் வாக்கெடுப்பை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் இறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மன்சின், டூமி என்ற இரண்டு செனட்டர்கள் கொண்டுவந்த திருத்தம் யாருடைய துப்பாக்கியையும் பறிக்கவில்லை. துப்பாக்கிச் சந்தையிலும் இணையத்திலும் வாங்குபவரின் பின்னணியையும் சோதிக்க வேண்டும் என்றது, அவ்வளவுதான். கருத்துக்கணிப்புகளில் மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் பின்னணிச் சோதனையை ஆதரித்தார்கள். செனட்டில் ஆதரவு 54, எதிர்ப்பு 46. எதிர்ப்பவர்களின் முட்டுக்கட்டையைத் தாண்டத் தேவைப்பட்டதோ 60. சுமார் 3.9 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும், 6 லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் அந்த அவையில் ஆளுக்கு இரண்டே இடம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

யுவால்டிக்குப் பிறகு 2022 ஜூனில் ஒரு மிதமான சட்டம் வந்தது. 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கூடுதல் சோதனை அதில் உண்டு. குடியரசுக் கட்சி செனட்டர்கள் 15 பேர் ஆதரித்தார்கள். அவர்களில் அந்த ஆண்டு மறுபடி மக்களிடம் போக வேண்டியிருந்தவர்கள் இருவர் மட்டுமே. ஒருவர், இண்டியானாவின் டாட் யங், பிரைமரியை ஏற்கெனவே தாண்டியிருந்தார். இன்னொருவர் அலாஸ்காவின் லிசா முர்கௌஸ்கி. அங்கே அந்த ஆண்டிலிருந்து கட்சிவாரி பிரைமரி கிடையாது. எல்லாக் கட்சியினரும் ஒரே வாக்குச்சீட்டில் போட்டியிட்டு முதல் நான்கு பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். டிரம்ப் ஆதரித்த வேட்பாளர் எதிரே நின்றும், முர்கௌஸ்கி நவம்பரில் ஜெயித்தார்.