தங்கை பெயருக்கு இடம் போதவில்லையாம்

கேள்வி: பெங்களூரில் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தமிழ்ச் சபையின் பொருளாளராக 22 ஆண்டுகள் இருந்தவர் என் தந்தை. அவர் நினைவாக ஆலயச் சுவரில் சலவைக்கல் பலகை பதிக்க நாங்கள் மூன்று சகோதரர்களும் விரும்புகிறோம். வரைபடம் இணைத்திருக்கிறேன். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தங்கையின் பெயருக்கு மட்டும் இடம் போதவில்லை. சபைகளுக்கு மேலமைப்பான பேராயத்தின் அனுமதி வேண்டும் என்று சபைக் கமிட்டி இழுத்தடிக்கிறது. அந்தக் காலத்தில் ஆலயச் சுவர்களில் பலகை பதித்த வெள்ளைக்காரர்களுக்கு இருந்த உரிமை எங்களுக்கு இல்லையா?
– ஒரு வாசகர், பிரேசர் டவுன்

பதில்: கமிட்டி இழுத்தடிக்கவில்லை. சி.எஸ்.ஐ. சொத்துகள் அதன் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பவை. சபைப் போதகரான ஆயர் தலையாட்டினார் என்பதற்காகச் சுவரில் துளை போட முடியாது. இங்கிலாந்துத் திருச்சபையில் இன்னும் கறார்: பேராய நீதிமன்றத்தின் 'ஃபேக்கல்டி' என்ற அனுமதி இல்லாமல் ஒரு பலகையும் உள்ளே ஏறாது. பிள்ளைகளின் பாசம் அங்கே செல்லாது. இறந்தவர் செய்த தொண்டு தனித்து நிற்பதா என்றுதான் பார்ப்பார்கள்.

வெள்ளைக்காரர் கதைக்கு வருவோம். அந்தக் காலப் பட்டாளத்துப் பலகைகள் பலவற்றின் அடியில் 'உடன் பணியாற்றிய அதிகாரிகள் வைத்தது' என்ற அளவோடு முடிந்துவிடும். வைத்தவர்கள் தங்கள் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

உங்கள் வரைபடத்தைப் பார்த்தேன். அப்பாவின் பெயர் ஒரு வரி. அவர் சபைக்குச் செய்ததற்கு அரை வரி. அதன் கீழே உங்கள் மூவரின் பெயர்களும் பி.இ., எம்.பி.ஏ. பட்டங்களுமாக நான்கு வரி! ஒருவருக்கு 'முதுநிலை மேலாளர்' வேறு. ஆலயத்து மின்விசிறி இறக்கையில் 'அன்பளிப்பு' என்று எழுதுகிறவர்களே உங்களைவிட அடக்கமானவர்கள். பதவிக்கு இடம் கிடைத்த கல்லில், படுத்த படுக்கையாகக் கிடந்த தகப்பனைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் காத்தவளுக்கு இடம் இல்லையா? கட்டிக்கொடுத்த பெண் வேறு வீட்டுக்காரி என்ற கணக்கோ? பெற்றவனுக்குக் கஞ்சி ஊட்டிய கைதான் அந்த வீட்டின் முதல் வாரிசு. என் எண்ணம் இதுதான். உங்களுக்குக் கசந்தால் கசக்கட்டும்.

பட்டங்களை அடியுங்கள். பதவியையும் அடியுங்கள். அப்பாவின் பெயர், ஆண்டுகள், பொருளாளர் பணி, 'பிள்ளைகள் வைத்தது', இவ்வளவு போதும். அந்தத் தாளைத் தங்கையிடம் கொடுத்து ஒப்புதல் கேளுங்கள். அவர் சரி என்றபின், அளவையும் பதிக்கும் இடத்தையும் குறித்து, ஆயர் வழியாகப் பேராயத்துக்கு மனுப் போடுங்கள்.