பாப்பா பெரோவ்ஸ்கைட் படிக்கோணும்னு நிக்குதுங்களா, சாயப்பட்டறை அண்ணனுக்கு ஒரு பதில்

ஏனுங்கண்ணா, நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேனுங்க. பாப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், பெரோவ்ஸ்கைட்ங்கற படிகப் பொருள மெல்லுசா பூசி வெயில கரண்டாக்கற சோலார் செல்லுல தான் ஆராய்ச்சி பண்ணுவேன்னு ஒத்தக்கால்ல நிக்குது, இது சோறு போடுமான்னு கேட்டிருந்தீங்க. போடுமுங்க, ஆனா லேட்டாகும், போற வழியும் சரியா இருக்கோணும்.

நீங்க திருப்பூர்ல இருவது வருசமா டையிங் மாஸ்டர், அதனால உங்களுக்கு இது சட்டுனு புரியும். லேப் டிப், அதாவது சின்னத் துண்டுத் துணியில சாம்பிள் சாயம் போட்டு பையர்கிட்ட அப்ரூவல் வாங்கறப்ப ஷேடு அச்சு அசலா இருக்கும், அதே ரெசிபிய பல்க்ல ஓட்டுனா பட்டை பட்டையா வந்து நிக்கும், இல்லீன்னா ரெண்டு தண்ணியில சாயம் போகும். பெரோவ்ஸ்கைட் இப்ப நிக்கற எடமும் அதேதாங்க. 2009ல ஜப்பான்ல மியாசகா குழு மொதல்ல செஞ்சப்ப பட்ட வெயில்ல வெறும் 3.8 சதவீதம் தான் கரண்டாச்சு, இன்னிக்கு 26 தாண்டியாச்சு, சிலிக்கான் மேல இத ஒரு அடுக்கா போடற டேண்டம் செல்லு 34ஐயும் தாண்டிருச்சு, சிலிக்கான் தனியா என்ன பண்ணுனாலும் 29 சொச்சத்துக்கு மேல ஏறாது. ஆனா இந்த ரெக்கார்டெல்லாம் பெரும்பாலும் வெரல் நகம் அளவு செல்லுல வந்தது, அதாவது லேப் டிப்.

ஒரு லேப்ல நானே பாத்தேனுங்க, கண்ணாடி மேல பெரோவ்ஸ்கைட் கரைசல சொட்டு விட்டு வேகமா சுத்தி 100 டிகிரி சூட்டுல வெச்சா வெளிர் மஞ்சளா இருந்தது கண்ணு முன்னாடியே கருப்பாகுது, கனம் ஒரு மைக்ரான்ல பாதி தான். அதே படலத்துல ஈரக்காத்து பட்டா மறுபடி மஞ்சள், அது லெட் அயோடைடு, செல்லு போச்சு. படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவுல இருக்கற சந்துல தான் கரண்டும் வீணாகுது ஈரமும் நுழையுது, அத அடைக்கறதுக்குப் பேரு பாசிவேஷன், ஒரே வேலைல ரெண்டும் கொறையும். படிகத்துக்குள்ள இருந்து சூட்டுல பறந்துபோற மெத்தில் அமோனியம்ங்கற சரக்குக்கு பதிலா ஃபார்மமிடினியமும் சீசியமும் சேக்கறாங்க, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வெச்சு ஓரத்த பியூட்டைல் ரப்பர்ல சீல் பண்றாங்க. அப்பறம் 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதத்துல 1000 மணி நேரம் டெஸ்ட். மொட்டமாடி சிலிக்கான் பேனலுக்கு 25 வருசம் கேரண்டி குடுக்கறாங்களே, அதோட போட்டி போடோணுமுங்க.

இன்னொன்னு, இதுல ஈயம் இருக்குது. சாயத்தண்ணியில நொய்யல் ஆறு கெட்டதுக்கு 2011ல ஹைகோர்ட் பட்டறைகள மூடச்சொன்னப்ப நாம பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததில்ல, பேனல் ஒடைஞ்சாலும் ஈயம் மண்ணுல எறங்காம புடிச்சு வெக்கறதும் ஒரு பெரிய வேலைங்க, நம்மூருப் புள்ள அத செஞ்சா எனக்கு ரொம்ப சந்தோசம்.

இப்ப படிப்பு. சோலார்னு பேரு போட்ட டிகிரியில மட்டும் சேத்தாதீங்க, அடிப்படை ஆழமா இருக்காது. கோயமுத்தூர்லயே நல்ல காலேஜ்ல பிஎஸ்சி கெமிஸ்ட்ரியோ பிசிக்ஸோ போடுங்க, மூணாவது வருசம் ஜாம்ங்கற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடில எம்எஸ்சி, அப்பறம் நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குனா மாசம் 37,000 வரும், பிஎச்டிக்கு உங்க கைக்காசு வேண்டாம். இல்லீன்னா பிளஸ் டூ முடிச்சதும் ஐசர்ங்கற மத்திய அரசு அறிவியல் கல்லூரியில அஞ்சு வருச பிஎஸ்-எம்எஸ். காரைக்குடியில இருக்கற சிக்ரி ஆராய்ச்சி நிலையத்த ஒரு தடவ காட்டிட்டு வாங்க, பேட்டரி, எலக்ட்ரோகெமிஸ்ட்ரில பெரிய எடம். கூடவே பைத்தான் கத்துக்கட்டும். படலம் போடறது, எக்ஸ்ரேல படிகம் பாக்கறது, சீல் பண்றது, இதெல்லாம் கைவந்தா நாளைக்கு பெரோவ்ஸ்கைட் ஓடலீன்னாலும் பேட்டரி, செமிகண்டக்டர் கம்பெனியில வேலைக்கு ஆகும், அதனால தான் தைரியமா சொல்றேன்.

ஆனா பிஎச்டி முடிக்கறப்ப வயசு 28 ஆயிருமுங்க, சொந்தக்காரங்க கேக்கறதுக்கு அண்ணியும் நீங்களும் இப்பவே பேசி வெச்சுக்குங்க.

ஞாயித்துக்கெழம பாப்பாவ கூட்டிட்டு வாங்க. அதுக்கு முன்னாடி நீங்களே ஒன்னு கேட்டு வைங்க, 1000 மணி நேர டெஸ்ட்ல 900ஆவது மணில செல்லு மஞ்சளாயிட்டா மறுபடி மொதல்ல இருந்து செய்வியான்னு. செய்வேன்னு சொன்னா போதாது, எத மாத்தி செய்வேன்னு சொல்றதான்னு பாருங்க.