கை ஆடுகிறதா, துப்பாக்கி ஆடுகிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: குறி பார்க்கும்போது துப்பாக்கி நிற்கமாட்டேன் என்கிறது, எதை வாங்கிப் பொருத்தலாம்? பதிலுக்குப் போகுமுன் ஒரு சின்னக் கணக்கு. தோளில் பதிந்த அடிக்கட்டை அசையவில்லை, அதிலிருந்து 80 சென்டிமீட்டர் முன்னால் துப்பாக்கி 1 மில்லிமீட்டர் மட்டும் விலகுகிறது என்று வையுங்கள். 10 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கு அட்டையில் அது 12.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஏர் ரைஃபிள் அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டமே 0.5 மில்லிமீட்டர்தான். பத்து விழவேண்டிய இடத்தில் ஆறு விழுவதே சந்தேகம்.

கேள்வி: 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. நின்று சுடும்போது முன்குறி எட்டு போட்டுக்கொண்டே இருக்கிறது. ஸ்லிங் மாட்டலாமா? ஜாக்கெட் வாங்கினால் நிற்குமா?

பதில்: ஸ்லிங், அதாவது துப்பாக்கியையும் மேல்கையையும் இணைக்கும் வார், கூடாது. சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி, படுத்தும் முழங்காலிட்டும் சுடும்போதுதான் ஸ்லிங்குக்கு அனுமதி. நின்று சுடுவதில் இல்லை. துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக் காலான பைபாடைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஜாக்கெட் உதவும். கித்தானும் தோலும் சேர்த்துத் தைத்த அந்த உடுப்பு முதுகைத் தாங்கிப் பிடிக்கும், நெஞ்சுத் துடிப்பைக் கொஞ்சம் அடக்கும். ஆனால் அது கவசம் ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் துணியின் தடிமன் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, விறைப்பும் ஓர் அளவைத் தாண்டக் கூடாது என்று கருவி வைத்து அளக்கிறார்கள். உங்களுக்கு மூன்று மாதம்தான் ஆகிறது. இப்போதே ஜாக்கெட்டுக்குள் புகுந்துகொண்டால் நிற்கும் நிலையில் இருக்கும் தப்பு உங்களுக்கே தெரியாமல் போகும். இன்னும் இரண்டு மாதம் சாதாரண சட்டையிலேயே பழகுங்கள்.

அதற்குள் செய்யவேண்டியது இது. நீங்கள் வலக்கைக்காரர் என்று எடுத்துக்கொள்கிறேன். இடது இடுப்பை அட்டைப் பக்கமாகத் தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேலோ, கை எட்டாவிட்டால் விலா எலும்பின் மேலோ ஊன்றுங்கள். துப்பாக்கியின் எடை உள்ளங்கையில் இறங்கி, முன்கை எலும்பு வழியாக முழங்கைக்கு, அங்கிருந்து இடுப்புக்கு, அங்கிருந்து காலுக்கு என்று போகவேண்டும். நடுவில் எங்கேயும் தசை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 முறை சுடவேண்டும். 5.5 கிலோ வரை இருக்கக்கூடிய துப்பாக்கியைப் புஜத்தால் தூக்கிக்கொண்டு நின்றால் இருபதாவது ஷாட்டிலேயே நடுக்கம் வந்துவிடும். எலும்பு களைப்பதில்லை.

சரியாக நிற்கிறீர்களா என்று பார்க்க ஒரு வழி: குறி பாருங்கள், கண்ணை மூடுங்கள், இரண்டு மூச்சு விடுங்கள், திறங்கள். முன்குறி அட்டைக்கு இடப்பக்கம் போயிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள். பாதத்தை நகர்த்துங்கள். கையால் இழுத்தால், விசை விடுகிற அந்த நொடியில் உடம்பு பழைய இடத்துக்கே திரும்பிப் போகும்.

கேள்வி: மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டால் ஐந்து ஷாட்டும் ஒரே இடத்தில் விழுகின்றன. புதிதாக வாங்கிய பைபாடில் சிதறுகின்றன. பைபாடில்தான் கோளாறா?

பதில்: இருக்கலாம், ஆனால் நான் முதலில் பார்ப்பது தரையைத்தான். சிமென்ட் மேடையில் நேராக வைத்துச் சுடுகிறீர்களா? வெடித்ததுமே, குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே, துப்பாக்கி பின்னோக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. கெட்டித் தரையில் பைபாடின் கால்கள் துள்ளும். மணல் அந்தத் துள்ளலை விழுங்கிவிடும், சிமென்ட் விழுங்காது. இரண்டு காலுக்கும் அடியில் ஒரே தடிமனில் ரப்பர் பாயோ பழைய கம்பளமோ விரித்துச் சுட்டுப் பாருங்கள். ஒரு கால் பாயிலும் இன்னொன்று சிமென்ட்டிலும் இருந்தால் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

அடுத்தது உங்கள் தோள். பைபாடின் கால்கள் தரையில் ஊன்றி நிற்கும்படி தோளால் லேசாக முன்னோக்கி அழுத்தவேண்டும். ‘லேசாக’ என்பது எவ்வளவு என்று கேட்காதீர்கள். எவ்வளவு என்பது முக்கியமில்லை, ஐந்து ஷாட்டிலும் அதே அளவு இருக்கவேண்டும். முதல் ஷாட்டுக்கு அழுத்தி, மூன்றாவதற்குத் தளர்த்தினால் குரூப், அதாவது ஐந்து ஓட்டைகளும் விழுந்த கூட்டம், மேலும் கீழுமாக நீளும். உடம்பு துப்பாக்கிக்கு நேர் பின்னால் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சுட்டு முடித்ததும் ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) இலக்கு இன்னும் தெரிந்தால் நேராக இருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் சிலுவைக்கோடு ஒரே பக்கமாக ஓடினால் சாய்ந்து படுத்திருக்கிறீர்கள், பின்னுதைப்பு தோளின் ஓரத்தில் இறங்குகிறது.

பைபாடைக் கடைசியாகச் சோதியுங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, கட்டையைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். கடகட என்றால் பொருத்திய இடத்துத் திருகு தளர்ந்திருக்கிறது. காலில் வெட்டுப்பள்ளம் வைத்த வகையில் கொக்கி முழுதாக விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நானே ஒருமுறை அந்த ‘டிக்’ சத்தம் கேட்காமல் படுத்துவிட்டேன். மூன்றாவது ஷாட்டில் இடது கால் ஒரு படி உள்ளே இறங்கியது. நான் காற்றைக் குறை சொல்லி ஸ்கோப்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

பைபாடில் துல்லியம் வராது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். தொலைதூர இலக்கைப் படுத்துச் சுடும் எஃப்-டிஆர் வகைப் போட்டியில் முன்பக்கத் தாங்கலுக்குப் பெரும்பாலோர் வைத்திருப்பது பைபாட்தான். அதையும் ஸ்கோப்பையும் சேர்த்து 8.25 கிலோவுக்குள் துப்பாக்கி இருக்கவேண்டும். அவர்களுடைய பைபாடில் பனிச்சறுக்குக் கட்டைபோல அகலமான, வழுக்கும் பாதங்கள் இருக்கும். துள்ளவிடாமல் நேராகப் பின்னால் சறுக்கவிடுவது அவர்கள் வழி.

கேள்வி: பைபாட் எந்த உயரத்தில் வாங்கலாம்?

பதில்: படுத்துச் சுட 6 முதல் 9 அங்குலம் போதும். நீளக் கால் வாங்கிச் சுருக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், சுருக்கினாலும் அது குட்டைக் கால் அளவுக்கு வராது. உயரம் கூடக்கூட ஆட்டமும் கூடும்.

கேள்வி: அடிக்கட்டைக்குக் கீழே வைக்கும் பையை வீட்டிலேயே தைக்கிறேன். உள்ளே மணலா, பிளாஸ்டிக் மணியா?

பதில்: மேஜையை விட்டு நகராத பை என்றால் மணல். சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த மணல். ஈரம் இருந்தால் துணி மட்கும், மணலும் கட்டிதட்டும். தூக்கிக்கொண்டு நடக்கவேண்டிய பை என்றால் பிளாஸ்டிக் மணி, எடை குறைவு. எதை நிரப்பினாலும் பை பிதுங்கும் அளவுக்குத் திணிக்காதீர்கள். இந்தப் பையின் வேலையே பிசைவதுதான்: இடக்கையால் இறுக்கினால் அடிக்கட்டை உயர்ந்து குறி கீழே வரும், விட்டால் குறி மேலே போகும். நல்ல பையில் சிலுவைக்கோட்டை ஒரு மயிரிழை நகர்த்தி அங்கேயே நிறுத்தலாம். பைபாடுக்குச் செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்கை இந்தப் பையில் போட்டால் அதிகப் பலன் என்பது என் கட்சி.

கேள்வி: படுத்துச் சுடும்போது ஸ்லிங்கை இறுக்கினால் குறி ‘டக் டக்’ என்று துடிக்கிறது. தளர்த்தினால் துப்பாக்கி தொய்கிறது. நடுவில் நிறுத்தத் தெரியவில்லை.

பதில்: அது உங்கள் நாடி. மேல்கையின் உட்பக்கத்தில் ஒரு தமனி ஓடுகிறது. ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டை சுற்றுகிற அதே இடம். ஸ்லிங் அதன்மேல் உட்கார்ந்தால் ஒவ்வொரு துடிப்பும் வார் வழியாகத் துப்பாக்கிக்கு வந்துவிடும். வாரை இன்னும் மேலே, தோளை ஒட்டி ஏற்றுங்கள். இழுவிசை கையின் வெளிப்பக்கத்தில் விழும்படி கொக்கியைத் திருப்புங்கள். ஜாக்கெட்டின் வெளிக்கையில் அதற்கென்றே பட்டியோ கொக்கியோ வைத்துத் தைத்திருப்பார்கள், வார் கீழே நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும். அகலமான வாரும் நல்லது, போட்டி விதியில் 40 மில்லிமீட்டர் வரை போகலாம்.

இறுக்கத்துக்கு என் சோதனை: படுத்துக் குறி பார்த்துக்கொண்டே இடக்கை விரல்களை முழுதாக விரித்துவிடுங்கள். துப்பாக்கி அப்படியே நின்றால் வார் சரியாகத் தாங்குகிறது. பத்து நிமிடத்தில் விரல் நுனி நீலம் பாய்ந்தால் ஓர் ஓட்டை தளர்த்தவேண்டும். ஸ்லிங்கைக் குட்டையாக்கி முன்கையைத் தரையோடு படுக்கவைக்கும் ஆசையும் வரும். விதிப்படி முன்கைக்கும் கிடைமட்டத்துக்கும் நடுவே குறைந்தது 30 பாகை இருக்கவேண்டும்.

மூச்சு விடும்போது குறி நேர் மேலும் கீழுமாகப் போவது இயல்பு. குறுக்காகச் சாய்ந்து போனால் இடது முழங்கை தப்பான இடத்தில் இருக்கிறது.

இன்னொன்று: ஸ்லிங் இல்லாமல் சரிபார்த்த குறி, ஸ்லிங் போட்டதும் மாறுகிறது என்று சிலர் குழம்புவார்கள். வார் முன்கட்டையை வளைத்து, கட்டை குழலில் முட்டினால் அப்படி ஆகும். துப்பாக்கி காலியாக இருக்கும்போது வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை ஓட்டிப் பாருங்கள். சிக்கினால் காரணம் அதுதான்.

கேள்வி: ஸ்பிரிங் ஏர் ரைஃபிளை மணல் மூட்டைமேல் அழுத்தி வைத்தும் சிதறுகிறதே?

பதில்: அழுத்தி வைப்பதால்தான் சிதறுகிறது. ஸ்பிரிங் வகையில் உள்ளே கனமான பிஸ்டன் பாய்ந்து முட்டுகிறது. பெல்லட் (ஏர் ரைஃபிளின் குண்டு) இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கி முன்னும் பின்னுமாக உதறிவிடும். அந்த உதறலைத் தடுக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உதறவிடத்தான் முடியும். மூட்டைமேல் உங்கள் உள்ளங்கையை விரித்து வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சும்மா கிடத்துங்கள். பிடிக்காதீர்கள், தோளிலும் இறுக்காதீர்கள். காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பிசிபி வகைக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்குப் பைபாட் போடலாம். இரண்டு வகையிலும் குழலை மட்டும் எதன்மேலும் சாய்க்காதீர்கள்.

கேள்வி: ஸ்கோப்பின்மேல் நீர்மட்டக் குமிழி பொருத்துவது வெறும் பகட்டா?

பதில்: 50 மீட்டரில் பகட்டுதான். தூரம் போனால் இல்லை. குண்டு இலக்கை அடைவதற்குள் 2 மீட்டர் விழும், அதற்கேற்ப ஸ்கோப்பை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். துப்பாக்கி 3 பாகை சாய்ந்திருந்தால் அடி பக்கவாட்டில் சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி விழும். கண்ணுக்கு 3 பாகை தெரியவே தெரியாது, அதுவும் மேடு பள்ளத்தில் பைபாட் நிற்கும்போது. பக்கவாட்டில் சாயும் மூட்டுள்ள பைபாடும் ஒரு குமிழியும் சேர்ந்தால் தீர்ந்தது.

கேள்வி: முழங்காலிட்டுச் சுட உருளை வைத்திருக்கிறேன். இருபது நிமிடத்தில் கால் மரத்துவிடுகிறது.

பதில்: உருளை கணுக்காலின் வளைவுக்குக் கீழே இருக்கவேண்டும், விரல்களுக்குக் கீழே அல்ல. 25 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் விட்டம் என்பது விதி தரும் உச்சவரம்பு. அந்த அளவுக்கே வைத்துக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உள்ளே நிரப்பியதில் கொஞ்சம் எடுத்துவிட்டு, நடுவில் பள்ளம் விழும்படி தட்டிவிடுங்கள். மரத்துப்போவது முழுதாக நிற்காது. முதன்முதலில் ஒரு சுற்று முடித்து எழுந்தபோது வலது கால் இருப்பதே தெரியாமல் நான் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டேன். கையில் துப்பாக்கி இருக்கும்போது எழ முயலாதீர்கள். போல்ட்டைத் திறந்து, துப்பாக்கி காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகி, துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகே காலை நீட்டுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு கையிலும் வலு குறைவு, துப்பாக்கியைத் தாங்க முடியாது. ஆனால் குறி பார்ப்பதில் அபார ஆசை. வழி உண்டா?

பதில்: உண்டு. பாரா துப்பாக்கி சுடுதலில் எஸ்எச்2 என்ற பிரிவு இவர்களுக்காகவே இருக்கிறது. துப்பாக்கியின் எடையைக் கையால் தாங்க முடியாதவர்கள், ஸ்பிரிங் பொருத்திய தாங்கியின்மேல் அதை வைத்துச் சுடலாம். ஸ்பிரிங் இருப்பதால் துப்பாக்கி பூட்டிப்போட்டதுபோல நிற்காது, மிதந்துகொண்டிருக்கும். அதை அடக்கிக் குறியில் நிறுத்துவது சுடுபவரின் திறமைதான். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் இந்தப் பிரிவுக்கு ‘நின்ற நிலை’, ‘படுத்த நிலை’ இரண்டும் உண்டு. சக்கர நாற்காலியில் இருந்தபடியே சுடலாம். படுத்த நிலையில் முழங்கைகளை மேஜையில் ஊன்றிக்கொள்வார்கள், நின்ற நிலையில் ஊன்றக் கூடாது. தாங்கியை இப்போதே வாங்கிவிடாதீர்கள். ஸ்பிரிங் எவ்வளவு மென்மையாக இருக்கலாம் என்பது அவருக்குக் கிடைக்கும் வகைப்பாட்டைப் பொறுத்தது. முதலில் பயிற்சியாளரிடம் அழைத்துப்போய், அங்கே இருக்கும் தாங்கியில் பத்து பெல்லட் சுடவிடுங்கள். மேஜை உயரமும் நாற்காலி உயரமும் ஒத்துப்போகிறதா என்பதை அன்றைக்கே அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.