ராஷ்டிரபதி விருதுக்குப் போகும் சாரணர்களிடம் நேர்காணலில் என்ன கேட்பது?

கோபி பக்கம் சாரண ஆசிரியராக இருக்கும் நீங்கள், சாரணர்களின் மிக உயர்ந்த விருதான ராஷ்டிரபதி விருதுத் தேர்வுக்கு அனுப்பும் முன் பிள்ளைகளை எப்படி நேர்காணல் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

"வா கண்ணு, சாப்பிட்டியா?" என்று ஆரம்பியுங்கள், பாதிக் கூச்சம் போய்விடும். உறுதிமொழியையும் 9 விதிகளையும் ஒப்பிக்கச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். பிரவேஷ் என்ற முதல் படியில் தொடங்கி ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருதும் வாங்கிய பிள்ளைக்கு அது தூக்கத்திலும் வரும்.

கையில் வேலை கொடுங்கள். ஒரு பையனிடம் கயிற்றைக் கொடுத்து, "தோட்டத்துக் கிணத்துல ஒருத்தர் விழுந்துட்டார், என்ன முடிச்சு போடுவே?" என்றேன். தன் அக்குளுக்குக் கீழே சுற்றி போலைன் என்ற வளைய முடிச்சைப் போட்டான். "இழுத்தாலும் இறுகாதுங்க" என்றவன், கொஞ்சம் யோசித்து, "ஆனா அதுக்கு முந்தி பெரியவங்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவேனுங்க" என்றான். முடிச்சைவிட அந்த யோசனைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அப்புறம் லாக் புக், அதாவது பிள்ளை தான் செய்த வேலைகளை எழுதி வைக்கும் குறிப்பேடு. முழுக்கப் படிக்க வேண்டாம். ஏதாவது ஒரு சேவை நாளைத் திறந்து, அன்றைக்கு எது சரியாக வரவில்லை என்று கேளுங்கள். நட்ட கன்றில் எத்தனை பட்டுப்போனது, ஏன் என்று சொல்கிற பிள்ளை அந்த வேலையை நிஜமாகவே செய்திருக்கும். திணறினால் அதட்டாதீர்கள், கேள்வியை மாற்றிக் கேளுங்கள்.